கம்ப்யூட்டருக்குள் கிடந்த பொரி

சர்வீஸ் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒரு தம்பி போன வாரம் என்னிடம், "சார், ரெண்டாவது டிரைவ் ஃபெயிலானா கழட்டிப்போட எவ்வளவு நேரம் பிடிக்கும்?" என்று கேட்டார். கழற்றக் கொஞ்ச நேரம் போதும், கழற்றலாமா என்று தெரிந்துகொள்ளத்தான் ஒரு மத்தியானம் முழுக்கப் போகும் என்றேன். கிழவன் பேச்சுக்குச் சொல்கிறான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போய்விட்டார். இல்லை தம்பி. எனக்கு அப்படி ஒரு மத்தியானம் நிஜமாகவே போயிருக்கிறது. காரிமங்கலத்துப் பக்கம், ஒரு மாம்பழக்கூழ் ஆலையில்.

எண்பதுகளின் கடைசி. சேலத்தில் கம்ப்யூட்டரை விற்று, பழுதும் பார்க்கும் ஒரு சின்ன கம்பெனியில் நான் சர்வீஸ் இன்ஜினியர். தர்மபுரி மாவட்டம் முழுக்க என் பொறுப்பு. முழுக்க என்றதும் மலைத்துவிடாதீர்கள். மாவட்டத்தில் நாங்கள் விற்றிருந்த கம்ப்யூட்டர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நீங்கள் இன்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரியும் டிரைவைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். விவரங்களையெல்லாம் சேமித்து வைக்கும் அன்றைய ஹார்ட் டிரைவ் செங்கல் கனம் கனக்கும். அப்படி இரண்டு டிரைவ் உள்ள கம்ப்யூட்டர் ஒரு ஆபீஸில் இருந்தால் அங்கே காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டுதான் பேசுவார்கள்.

கூழ் ஆலையில் இருந்தது அப்படிப்பட்ட ஒன்று. ஆயுத பூஜை விடுமுறை முடிந்த மறுநாள் அங்கிருந்து டிரங்க் கால் வந்தது. இரண்டாவது டிரைவ் கரகரவென்று சத்தம் போடுகிறது, மிஷின் பாதி வேலையில் அப்படியே உறைந்து நிற்கிறது என்றார்கள். எங்கள் சர்வீஸ் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "போனமா, கெட்டதைக் கழட்டினமா, வந்தமான்னு இரு. அங்க உக்காந்து ஆராய்ச்சி பண்ணாதே" என்று சொல்லித்தான் அனுப்பினார். என்னைப் பற்றி ஆபீஸில் அப்படி ஒரு பெயர் உண்டு. கண்ணில் பட்டதையெல்லாம் என்ன ஏது என்று கேட்காமல் என்னால் நகர முடியாது. அன்றும் பாருங்கள், தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்து பஸ் நின்றுவிட்டது. மற்றவர்கள் டீக்கடைக்குப் போனார்கள். நான் லாரி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, ஏன் அந்தப் பக்கம் சாய்ந்தது என்று சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். ஆலைக்குப் போய்ச் சேரும்போது சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது.

ஆலை மேனேஜர் வாசலிலேயே நின்றிருந்தார். "ஏங்க, சேலத்துலேர்ந்து நடந்தா வந்தீங்க?" என்றார். அவர் பதற்றத்துக்குக் காரணம் பக்கத்திலேயே நின்றது. மெட்ராஸ் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி. அதில் ஏறும் ஒவ்வொரு டின்னும் எந்த நாள் பழத்தில் போட்டது, சோதனையில் என்ன வந்தது என்கிற விவரம் அச்சாகி லாரியோடு போக வேண்டும். அந்தக் காகிதம் இல்லாவிட்டால் சரக்கு கப்பலேறாது. சீசன் முழுவதற்குமான விவரம் முதல் டிரைவில் இருந்தது. அதற்கு நகல் வைத்துக்கொள்ளத்தான் இரண்டாவது டிரைவை வாங்கியிருந்தார்கள். நகல் போய்விட்டது என்றால், இனி உலகத்தில் அந்த விவரம் இருக்கும் ஒரே இடம் முதல் டிரைவுதான்.

படியேறும்போதே மேனேஜர் சொல்லிவிட்டார். "இது போச்சுன்னா அந்தப் பொண்ணும் போவ வேண்டியதுதான். அது ஒண்ணுதாங்க மிஷினைத் தொடறது. லீவு முடிஞ்சு வந்து சுவிட்சைப் போட்டுச்சு, கெட்டுப்போச்சு. வேற யாரைக் கேக்கறது?"

அந்தப் பெண் ஷமீம். கம்ப்யூட்டர் ஆபரேட்டர். அவள் அப்பா தர்மபுரியில் டிரங்குப் பெட்டி செய்பவர். அவர்கள் வீட்டிலிருந்து ஆபீஸ் வேலைக்கு வந்த முதல் ஆள் அவள்தான். மிஷினைக் கெடுத்தவள் என்று சொல்லி இங்கிருந்து அனுப்பிவிட்டால், அந்த மாவட்டத்தில் வேறு எந்தக் கம்ப்யூட்டர் முன்னால் அவளை உட்கார வைப்பார்கள்? இருப்பதே விரல் விட்டு எண்ணும் அளவு, அவற்றை வைத்திருப்பவர்களெல்லாம் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். அவளுக்கும் அது தெரிந்திருந்தது. நான் போனபோது ஜன்னலோரம் நின்றிருந்தாள். வணக்கம் சொன்னாள்.

நான் கம்ப்யூட்டர் பெட்டியின் மூடியைக் கழற்றினேன். உள்ளே தூசி இருக்கும், எறும்பு இருக்கும், ஒருமுறை அரூரில் ஒரு மிஷினுக்குள் பல்லி முட்டைகூடப் பார்த்திருக்கிறேன். இதற்குள் கிடந்தது பொரி. ஒன்றல்ல, அங்கங்கே சிதறி. ஒரு மூலையில் பொட்டுக்கடலை வேறு.

என் வாய் சும்மா இருக்குமா? "இங்க உக்காந்து பொரி சாப்பிடுவீங்களா?" என்று ஷமீமைக் கேட்டேன்.

"அய்யோ, இல்லீங்க சார். நான் இந்த ரூமுக்குள்ள செருப்பையே வுட மாட்டேன்" என்றாள்.

"பாத்தீங்களா? வேலை நேரத்துல நொறுக்குத்தீனி" என்றார் மேனேஜர், பின்னாலிருந்து.

எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. விளையாட்டாகக் கேட்ட கேள்வி அவள் தலையில் இன்னொரு குற்றத்தை ஏற்றிவிட்டது. பொரியை மெல்லப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். தம்பி, தங்கச்சிகளே, வாடிக்கையாளர் எதிரில் சத்தமாக வியக்காதீர்கள். உங்களுக்கு அது வியப்பு, கேட்கிறவருக்குத் தீர்ப்பு.

இரண்டாவது டிரைவ் செத்துவிட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. காதை வைத்துக் கேட்டாலே போதும், கல்லில் தகரத்தைத் தேய்க்கும் சத்தம். மிஷினை அணைத்தேன், அதைக் கழற்றி மேசைமேல் வைத்தேன், மறுபடி சுவிட்சைப் போட்டேன். இனி முதல் டிரைவ் நிம்மதியாக ஓடும், காகிதத்தை அச்செடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டாயிற்று.

முதல் டிரைவ் ஓடவில்லை. அப்படி ஒரு டிரைவே இந்தப் பெட்டியில் இல்லை என்று திரை சொன்னது.

இன்னொருமுறை அணைத்துப் போட்டேன். அதே பதில். கேபிளை அழுத்திவிட்டுப் போட்டேன். அதே பதில். நான் கழற்றியது கெட்ட டிரைவைத்தான், ஆனால் போனது நல்லது. வெளியே லாரி டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

மேனேஜருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "ரெண்டையும் முடிச்சுடுச்சு இந்தப் பொண்ணு" என்றார். பிறகு ஷமீமைப் பார்த்து, "ஏம்மா, நீ வூட்டுக்குக் கெளம்பு. நாளைக்கு உங்கப்பாவை வந்து என்னைப் பாக்கச் சொல்லு."

ஷமீம் அழவில்லை. "சார் வேலையை முடிக்கட்டும் சார். அப்புறம் போறேன்" என்று சொல்லிவிட்டு நின்ற இடத்திலேயே நின்றாள்.

அந்த இடத்தில் எனக்கு ஒரு சுலபமான வழி இருந்தது. உங்களுக்கும் ஒருநாள் இருக்கும், அதனால்தான் சொல்கிறேன். 'முதல் டிரைவும் ஏற்கெனவே கெட்டிருக்கு சார், சேலத்துக்கு எடுத்துட்டுப் போய்ப் பார்க்கணும்' என்று ஒரு வரி போதும். நான் வருவதற்கு முன்பே எல்லாம் போய்விட்டது என்று ஆகிவிடும். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். அந்த வரி நாக்கு நுனி வரைக்கும் வந்தது என்பதும் உண்மை.

வரவிடாமல் தடுத்தது நல்ல குணம் என்று பெருமை அடித்துக்கொள்ள மாட்டேன். என் பழைய வியாதிதான் தடுத்தது. உயிரோடு இருந்த ஒன்று, செத்த ஒன்றை எடுத்ததும் ஏன் சாக வேண்டும்? நான் செய்தது என்ன? ஒன்றை எடுத்தேன். அவ்வளவுதானே? அந்தக் கேள்வி பிடித்துக்கொண்ட பிறகு, ஹாரனும் காதில் விழவில்லை, மேனேஜரும் கண்ணில் படவில்லை.

எடுத்த டிரைவை எடுத்த இடத்திலேயே திரும்ப மாட்டினேன். சுவிட்சைப் போட்டேன். கரகர சத்தத்தோடு முதல் டிரைவ் எழுந்து உட்கார்ந்தது. ஷமீம் போட்டு வைத்திருந்த பட்டியல் முழுசாகத் திரையில் வந்தது.

"அப்பாடா! அப்படியே வுட்டுடுங்க. பிரிண்ட் எடுத்துக்குறோம்" என்றார் மேனேஜர்.

"விட முடியாதுங்க" என்றேன். பாதி வேலையில் மிஷின் உறைந்து நிற்கிறது என்று போனில் சொன்னதே அவர்கள்தான். முழு சீசனுக்கும் இருப்பது இந்த ஒரே பிரதி. பக்கத்தில் ஒன்று தேய்ந்து சத்தம் போட்டுக்கொண்டிருக்க, அதோடு அச்செடுக்கத் துணிய என்னால் முடியாது. "கொஞ்ச நேரம் குடுங்க. யாரும் பேசாம இருந்தாப் போதும்."

அவருக்குக் கோபம். ஆனால் தடுக்கவில்லை, தலையைச் சொறிந்துகொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார்.

செத்த டிரைவுக்கு மூன்று இணைப்புகள். ஒன்று மின்சாரம், ஒன்று அதற்கே உரிய சின்னக் கேபிள், இன்னொன்று இரண்டு டிரைவுக்கும் பொதுவான அகலமான பட்டைக் கேபிள். மிஷினை அணைத்துச் சின்னக் கேபிளை மட்டும் உருவிப் பார்த்தேன். முதல் டிரைவ் ஓடியது. மறுபடி அணைத்துப் பட்டைக் கேபிளை உருவிச் சுவிட்சைப் போட்டேன். முதல் டிரைவ் எழவில்லை. ஆக, தன் சொந்த வேலை எதையும் செய்ய முடியாத நிலையிலும், அந்தப் பொதுக் கேபிளில் அது ஏதோ செய்துகொண்டிருக்கிறது. என்ன அது? எனக்கு அந்த நேரத்தில் சந்தோஷமாகவே இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

இரண்டு டிரைவையும் கவிழ்த்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அடியிலிருக்கும் சர்க்யூட் போர்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரே கம்பெனி, ஒரே மாதிரி. செத்த டிரைவின் போர்டில் ஓரிடத்தில் நகம் அளவுக்கு ஒரு சின்னத் துண்டு செருகியிருந்தது. நல்ல டிரைவில் அதே இடம் காலியாக இருந்தது, பல் விழுந்த ஈறு மாதிரி.

அதற்குப் பெயர் டெர்மினேட்டர். கேபிள் முடிகிற இடத்தில் அது இருந்தாக வேண்டும். இல்லையென்றால் போகிற செய்தி முட்டித் திரும்பி வந்து, வருகிற செய்தியோடு கலந்து எல்லாம் குழம்பிவிடும். நாங்கள் வழக்கமாக முதல் டிரைவைத்தான் கேபிளின் கடைசியில் மாட்டுவோம். இந்த மிஷினில் இரண்டாவது டிரைவைச் சேர்த்தவர், எங்கள் கம்பெனியிலிருந்து விலகிப்போன ஒருவர், புதிதைக் கடைசியில் மாட்டி, டெர்மினேட்டரையும் அதற்கு மாற்றியிருக்கிறார். அப்படிச் செய்தாலும் தப்பில்லை. தான் செத்த பிறகும் அந்த டிரைவ், கேபிள் முடிகிற இடத்தில் காவலுக்கு நின்றிருக்கிறது. நான்தான் வந்த வேகத்தில் காவலையும் சேர்த்துக் கழற்றிவிட்டேன்.

துண்டைப் பிடுங்கி நல்ல டிரைவில் செருகி, பட்டைக் கேபிளின் கடைசி முனையை அதற்கு மாட்டினேன். செத்தது மேசைமேல் இருந்தது. சுவிட்சைப் போட்டதும் சத்தமே இல்லாமல் பட்டியல் வந்தது. ஷமீம் எதுவும் கேட்காமல் வந்து உட்கார்ந்து அச்சைத் தொடங்கினாள். பிரிண்டர் கீச்சுக்கீச்சென்று கத்த ஆரம்பித்தது.

மேனேஜர் துண்டைக் காட்டி, "இத்தனூண்டு சாமானா?" என்றார்.

"ஆமாங்க. கெட்டதுன்னு ஒண்ணை எடுக்குறதுக்கு முன்னாடி, அது என்னென்ன வேலை பாத்துக்கிட்டு இருக்குன்னு தெரிஞ்சுக்கணும். இல்லாட்டி நல்லா இருக்கறதும் நின்னுடும்."

அவர் ஷமீம் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ஆனாலும் விடவில்லை. "சரி, அது கெட்டதுக்குக் காரணம் ஆபரேட்டர் தப்புன்னு ரிப்போர்ட்ல ஒரு வரி போட்டுடுங்க."

அந்தச் சமயத்தில்தான் லோடு ஏற்றும் ஃபோர்மேன் கோவிந்தன், காகிதம் தயாரா என்று கேட்க மாடிக்கு வந்தார். பாலக்கோட்டுப் பக்கம் நிலம் நீச்சு உள்ளவர், நல்ல ஆகிருதி. நெற்றியில் பெரிதாகக் குங்குமம் வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குப் பூஜையும், பையிலிருந்த பொரியும் ஞாபகம் வந்தன. ஏற்கெனவே ஒருமுறை சூடு பட்டதால் இந்த முறை அடக்கமாகவே கேட்டேன். "இங்க பூஜையெல்லாம் எங்க பண்ணுவீங்க?"

"கீழ ஷெட்டுலதாங்க. கத்தி, தராசு, ஸ்பேனரு, டின்னு மூடற மிஷினு எல்லாத்துக்கும் பொட்டு வெச்சு, பொரி கடலை போட்டு, சார்தான் பூசணிக்கா ஒடைப்பாரு. இந்த வருசம் கம்ப்யூட்டரும் இருந்துச்சுங்க!" அவர் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "ஷமீம் பொண்ணு அரூருக்கு மாமன் வூட்டுக் கல்யாணத்துக்குப் போவறப்ப சாவியைக் குடுத்து, 'அண்ணா, என் மிஷினுக்கும் பொட்டு வெச்சுடுங்க'ன்னுச்சு. பொட்டு வெச்சா மட்டும் போதுமா? நானும் ரெண்டு ஆளுமா பூ மாதிரி கீழ எடுத்தாந்து, சாமிக்கு முன்னால நடுவுல வெச்சு, அப்புறம் பழையபடி மேல கொண்டாந்து வெச்சுட்டோம்."

ஷமீம் தட்டுவதை நிறுத்திவிட்டாள். என்னைப் பார்த்து, மேனேஜருக்குத் தெரியாமல் வேண்டாம் என்று தலையசைத்தாள். பொரி என்றதுமே அவளுக்கு விஷயம் புரிந்திருக்கிறது. சொன்னால் கோவிந்தன் மாட்டிக்கொள்வார். தன் வேலை போகிற நேரத்திலும் அவள் வாயைத் திறக்கவில்லை. அவருக்கோ, தான் எதில் மாட்டப்போகிறோம் என்றே தெரியாது.

படையல் பொரி பெட்டியின் பின்பக்க இடுக்கு வழியாக உள்ளே விழுந்த கதை எனக்கு விளங்கிவிட்டது, டிரைவ் கெட்ட கதையும்தான். அந்தக் காலத்து டிரைவுக்குள் சுழலும் தட்டுக்கு மேலே, நூலிழை இடைவெளியில் ஒரு ஹெட் இருக்கும். அணைத்தால் அது தானாக ஒதுங்காது. மிஷினை நகர்த்துவதற்கு முன்னால் நாம் ஒரு கட்டளை கொடுத்து அதை ஓரமாக நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் மாடிப்படி இறக்கினால், பூ மாதிரி இறக்கினாலும் ஒரு குலுக்கலில் ஹெட் தட்டைக் கீறிவிடலாம். இரண்டு டிரைவில் ஒன்று தப்பித்ததே ஆச்சரியம்.

இப்போது நான் உண்மையைச் சொன்னால் ஒரு ஆள் தப்பிப்பார், இன்னொருவர் மாட்டுவார். பொய் சொன்னால் மாட்டக்கூடாதவள் மாட்டுவாள். நான் யோசித்தது, அவர்களில் யார் தப்பு என்பதை அல்ல. தூக்குவதற்கு முன்னால் கட்டளை கொடுக்க வேண்டும் என்று இந்த ஆலையில் யாருக்காவது யாராவது சொன்னார்களா என்பதைத்தான். ஷமீமைக் கேட்டேன். அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்றாள்.

நான் மேனேஜரிடம் ஹெட் விஷயத்தையும், அந்த டிரைவ் செத்த பிறகும் வேலை பார்த்த கதையையும் விளக்கிவிட்டு, "மிஷினைத் தூக்கினது தப்பு இல்லீங்க. தூக்கற முறையை இங்க யாருக்கும் சொல்லித் தரலை. அதுதான் தப்பு" என்றேன்.

"யாரு சொல்லித் தந்திருக்கணும்?"

"வித்தவங்கதான். எங்க கம்பெனி. அப்படியே எழுதித் தர்றேன். டிரைவையும் நாங்களே மாத்தித் தரணும்."

கோவிந்தனுக்கு அப்போதுதான் உறைத்தது. "அய்யய்யோ, நான் தூக்கினதுலயா..." என்று தூணைப் பிடித்துக்கொண்டார். மேனேஜர் அவரைப் பார்த்தார், ஷமீமைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பூசணிக்காய் உடைத்தபோது அந்தக் கம்ப்யூட்டர் தனக்கு நேர் எதிரில்தான் இருந்தது என்பது அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். பிறகு ஷமீமிடம், "ஏம்மா, என்ன பாத்துக்கிட்டு உக்காந்திருக்கே? பிரிண்டருல பேப்பரு தீரப்போவுது பாரு" என்று அதட்டினார்.

என் வாழ்க்கையில் ஒரு அதட்டலைக் கேட்டு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு புதுக் காகிதக் கட்டைப் பிரித்தாள். லாரி வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிட்டது.

சேலத்தில் எனக்கு நல்ல பாட்டு விழுந்தது. ஓசியில் ஒரு டிரைவைத் தாரை வார்த்துவிட்டு வந்திருக்கிறாயே என்று எங்கள் மேனேஜர் குதித்தார். குதித்து முடித்த பிறகு, மிஷின் வைக்கப் போகிறவர்கள் எல்லோரும் நகர்த்தும் முறையைச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று அவரே உத்தரவு போட்டார்.

மறு வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள், வேறு வேலையாகக் கிருஷ்ணகிரி போனவன், அந்த ஆலையில் என்ன செய்கிறார்கள் பார்ப்போம் என்று இறங்கினேன். வேறென்ன, வியாதிதான். ஷெட்டில் ஒரு சாமானையும் காணோம். மாடிக்குப் போனேன். கம்ப்யூட்டர் இருந்த இடத்திலேயே இருந்தது. அதைச் சுற்றித் தராசு, ஸ்பேனர், கத்திகள் என்று ஆலையே மேலே ஏறி வந்திருந்தது. பொரித் தட்டு மட்டும் எட்டத்தில், ஜன்னலோரம். கோவிந்தன் சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருக்க, ஷமீம் பூ கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

வரிசையின் கடைசியில் பழைய இரண்டாவது டிரைவ் இருந்தது. கழற்றி வைத்த அன்று நான் அதைப் பழைய இரும்புக்குப் போடச் சொல்லியிருந்தேன். இப்போது துடைத்துச் சுத்தமாக, நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள்.

"இதுக்கு எதுக்குங்க பொட்டு? இதுதான் செத்துப்போச்சே" என்றேன்.

கோவிந்தன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? செத்த பொறவும் வேலை பாத்துச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?"